கழுத்து லேபிள்

எனக்குத் தொழில் கட்டிங்.
திருப்பூர் மங்கலம் ரோட்டில்
பெயர்ப்பலகை இல்லாத கம்பெனி.
கடல் தாண்டி இருக்கிற பிள்ளைகளுக்குத்
துணி வெட்டுகிறேன்.
முகம் தெரியாது, அளவு தெரியும்.
ஒன்பது–பத்து வயது என்றால்
மார்பு முப்பத்தெட்டு சென்டி, சுடச்சுடச் சொல்வேன்.

செகண்ட்ஸில் கழிந்த பனியனை
லோகித்துக்கு எடுத்து வருவேன்.
அவனுக்கு ஒன்பது நடக்கிறது.
பனியனில் பதிமூன்று–பதினாலு என்றிருக்கும்.
வீட்டுக்கு முந்தின தெருவிளக்கில்
வண்டியை நிறுத்தி
லேபிளைக் கத்தரித்துச் சாக்கடையில் போடுவேன்.
டிரிம்மர் எப்போதும் சட்டைப்பையில் உண்டு.

ஒன்றரை ஷிப்டு பார்க்கிறவன்
வாரத்தில் ஆறு நாள்
தூங்குகிற பிள்ளையைத்தான் பார்ப்பான்.
அந்தக் கடனைச் சனிக்கிழமை சம்பளத்தில்
முட்டை பப்ஸாய், தேங்காய் பன்னாய் அடைத்தேன்.
வட்டிக்கு ஒரு பாட்டில் கலர்.
சுகந்தி செக்கிங் வேலைக்குப் போகிறவள்.
லைன் வீட்டு வாசலில் லாரி திரும்பும் என்று பயந்து
செல்போனையும் நாலு சிப்ஸ் பாக்கெட்டையும் உள்ளே வைத்துக்
கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு சீர்ப் பந்தியில்
பெரிய மச்சான் சத்தமாகச் சொன்னார்:
'இளைச்சவனுக்கு எள்ளு,
இந்த மாப்பிளைக்குக் கொள்ளு வைங்கப்பா!'
இலை வரிசை முழுக்கச் சிரித்தது.
நானும் சிரித்தேன்.
அவன் ஜிலேபியை இலைக்கடியில் தள்ளினான்.
அன்றிரவு விளக்கணைந்த பிறகு
ரஸ்க் டப்பா மூடி திறக்கும் சத்தம்.

படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.
டப்பாவை வாங்கியது யார்? நிரப்பியது யார்?
ஒரு பீஸ் கோணினால் டெய்லரைத் திட்டலாம்.
நூறு பீஸும் ஒரே இடத்தில் கோணினால்
பேட்டர்னைத்தான் பார்க்க வேண்டும்.
பேட்டர்ன் நாங்கள்.

சுகந்திதான் தொடங்கினாள்,
அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.
கலர் பாட்டில் நின்றது, எனக்கும் சேர்த்து.
வலித்தது எனக்குத்தான்.
டிவி முன்னால் தட்டு போவது நின்றது.
அரிசிம்பருப்புச் சோறு அவனுக்கு உயிர்,
அதில் கை வைக்கவில்லை.
பக்கத்தில் பீர்க்கங்காய்ப் பொரியல்
புதுசாய்க் குடிவந்தவர் மாதிரி
தயங்கித் தயங்கி உட்கார்ந்தது.
முதல் வாரம் அதைப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்தான்.
எறும்பு காட்டிக்கொடுத்தது.

ஞாயிறு ஓவர்டைமை நான் விட்டேன்.
அது எவ்வளவு பெரிய காசு என்று
மாசக் கடைசியில் மளிகைக்கடையில் தெரிந்தது.
நொய்யலுக்கு அந்தப் பக்கம்
மூடிக் கிடக்கும் சாயப்பட்டறை மைதானம்,
ஒரு ரப்பர் பந்து.
பத்தாவது நிமிசம் மூச்சு வாங்கி
மண்ணில் உட்கார்ந்தது நான்.
'ஏனுங்கப்பா, முடியலீங்களா?'
இத்தனை நாள் மற்றவர் அவனிடம் கேட்டதை
முதல்முறையாக அவன் கேட்டான்.
சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை அவனுக்கு.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை தோற்றோம்.
மழை, சம்பளம், பேக்கரி வாசனை.
ஒதுங்கி நின்று ஆளுக்கொரு பப்ஸ் தின்றோம்.
யாரும் யாரையும் முறைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து டேப் வைத்தேன்.
மார்பு அப்படியே இருந்தது.
உயரம் மூன்று சென்டி கூடியிருந்தது.
தொழில்காரனுக்கு அதன் அர்த்தம் தெரியும்,
சொல்லவில்லை.

இந்த முறை வண்டியை எங்கும் நிறுத்தவில்லை.
பனியனை லேபிளோடு கொடுத்தேன்.
'கழுத்துல உறுத்துது' என்றான்.
டிரிம்மரை நீட்டினேன்.
வெட்டுவதற்கு முன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.
'பதிமூணு–பதினாலா? எனக்குப் பத்துதானுங்களே?'
'ஆமா கண்ணு.'
'வெளிநாட்டுக்காரன் தப்பா எழுதிட்டான்'
என்று தானே கத்தரித்தான்,
துணியில் ஒரு நூல்கூட அறுபடாமல்.